எழுதும் நேரத்தில் வரும் குறுக்கீடுகள்: வீட்டிலிருந்து எழுதத் தொடங்குபவர்களுக்கு

சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு ஓடிபி சொல்லிவிட்டு வர இரண்டு நிமிடம் போதும். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, விட்ட வாக்கியத்தைப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். சில நாள் அது கிடைக்காமலே போகும். மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது: ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. எழுத்தில் இது இரண்டு பக்கமும் அடிக்கும். சிலிண்டர்காரரிடம் நிற்கும்போது மனம் கதையில் இருக்கும். கதைக்குத் திரும்பினால் சில்லறை சரியாகக் கொடுத்தோமா என்று ஓடும்.

அதனால் குறுக்கீடே இல்லாத நாளைத் தேடாதீர்கள். நாலு பேர் புழங்கும் வீட்டில் அது கிடைக்காது. வருகிறவற்றில் எவற்றை வரும் இடத்திலேயே அடைக்கலாம் என்று பார்த்து அடைப்பதும், அடைக்க முடியாதது வந்துவிட்டால் விட்ட இடத்துக்கு விரைவாகத் திரும்புவதும்தான் கற்றுக்கொள்ள வேண்டியவை. இந்த இரண்டாவது வேலையைப் புதிதாக எழுதுபவர்கள் யாரும் பழகுவதில்லை. இந்தக் கட்டுரையில் அதிகம் பயன்படப்போவது அதுதான்.

முதலில் ஒரு வாரம் குறித்துவையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து நாள், எழுதும் மேசையில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். பேனா எழுத்திலிருந்து விலகும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம்: மணி, காரணம், வெளியிலிருந்து வந்ததா நீங்களாகப் போனதா. "6:20, பால் பாக்கெட், வெ." "6:31, வாட்ஸப், நா." இவ்வளவு போதும். விளக்கம் எழுத ஆரம்பித்தால் அதுவே ஒரு குறுக்கீடாகிவிடும்.

ஐந்தாம் நாள் எண்ணிப் பாருங்கள். வீட்டார்தான் எழுதவிடுவதில்லை என்று நினைத்தவர்களின் தாளில்கூட 'நா' வரிசை நீளமாக இருக்கும். இது தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு பயனில்லை. உள்ளே போன் இருக்கிறது. இன்னொன்றும் தெரியவரும்: ஒரே காரணம் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் விடும் நேரம், ஸ்கூல் வேன், வேலைக்கு வரும் அக்கா பாத்திரம் கேட்கும் நேரம். இவை அடக்க வேண்டியவை அல்ல. எழுதும் நேரத்தை இவற்றிலிருந்து நகர்த்திவிட்டால் முடிந்தது.

நேரம்

தொடக்கத்தில் 45 நிமிடம் போதும். 'தினமும் மூன்று மணி நேரம்' என்று தொடங்குபவர்கள் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மணி நேரத்தை எந்த வீடும் விட்டுத் தராது. முக்கால் மணியைக் கேட்டால் கிடைக்கும். அந்த முக்கால் மணியில் 150 முதல் 250 சொற்கள் வந்தால் நல்ல வேகம். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சொல்லும் 'தினம் ஆயிரம் சொல்' கணக்கைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நாலைந்து சொல்லில் வருவது இங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

எந்த நேரம் என்பதை உங்கள் தாள் சொல்லும். பொதுவாக மூன்று இடைவெளிகள் கிடைக்கின்றன: வீடு எழும் முன் விடிகாலை, மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வரை, இரவு எல்லோரும் படுத்த பிறகு. மதியத்தில் பார்சல்காரர்கள் வருவார்கள், கண்ணும் சொக்கும். இரவில் உடம்பு ஒத்துழைக்காது. விடிகாலை கிடைப்பவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் விடிகாலை தன்னால் கிடைத்துவிடாது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் தபால் துறை வேலையில் இருந்துகொண்டே தினமும் காலை 5:30க்கு மேசைக்கு வந்தவர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்த பணியாளுக்கு அதற்காகவே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததைத் தன்வரலாற்றில் நன்றியோடு குறிப்பிடுகிறார். உங்கள் விடிகாலையிலும் யாரோ ஒருவர் பால் வாங்கி வைக்க வேண்டியிருக்கும், குழந்தை சிணுங்கினால் தட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். அது யார் என்பதை முதல் நாளே பேசி வையுங்கள்.

வீட்டாரிடம் என்ன சொல்வது

"நான் எழுதப் போறேன், கூப்பிடாதீங்க" என்பது வேலை செய்யாது. எப்போது வெளியே வருவீர்கள் என்று தெரியாததால், கேட்க வேண்டியதை அப்போதே கேட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். "ஆறே காலுக்கு வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு, நல்ல வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால்தான் அந்த முக்கால் மணிக்கு வீட்டில் மதிப்பு வரும். பத்து நிமிடம் நீட்டினால் மறுநாள் பத்து நிமிடம் முன்பே கதவு தட்டப்படும்.

எதற்கெல்லாம் தட்டலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். காய்ச்சல், அடிபட்டது, புகை வாசம், பெரியவர்களுக்கு ஏதாவது. இந்த நான்கைத் தவிர மற்றதெல்லாம் காத்திருக்கலாம். காத்திருப்பவற்றுக்கு வெளியே ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். "மாவு அரைக்கணுமா?" என்று அதில் எழுதிவிட்டுப் போகட்டும்; வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பதில் சொல்லுங்கள். எழுதிப் போட்டதற்குப் பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் யாரும் அந்த நோட்டைத் தொட மாட்டார்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. குழந்தை தூங்கும் நேரம், அல்லது இன்னொருவர் முழுப் பொறுப்பில் பார்த்துக்கொள்ளும் நேரம், இரண்டு மட்டுமே உங்களுடையது. பக்கத்தில் விளையாடவிட்டு எழுதலாம் என்று நம்பினால் இரண்டு பக்கமும் எரிச்சல்தான் மிஞ்சும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முள் கடிகாரத்தைக் காட்டி, "பெரிய முள் மூணுக்கு வந்ததும் வா" என்றால் புரியும், பெருமையாகவும் செய்வார்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணவர் ஆபீஸ் காலில் இருந்தால் வீடே குரலைத் தாழ்த்துகிறது. மனைவி எழுதிக்கொண்டிருந்தால் அவள் 'சும்மாதான்' இருக்கிறாள். இது கவனச்சிதறல் பிரச்சினையே அல்ல. வேலைப் பங்கீட்டுப் பிரச்சினை. அதற்கு இயர்பிளக் மருந்தாகாது. அந்த முக்கால் மணிக்கு அடுப்பை முழுவதுமாக இன்னொருவர் கையில் கொடுங்கள். "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், "பருப்பு வச்சிருக்கேன், நாலு விசில் வந்ததும் அணைங்க, பிரஷர் இறங்கினதும் கடைஞ்சு வைங்க" என்று முழு வேலையாகக் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் அடுப்பில் எதுவும் இல்லாத நேரத்தில் மட்டும் உட்காருங்கள். குக்கர் இருக்கும்வரை காது விசிலை எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் யாராலும் உரையாடல் எழுத முடியாது.

வாசல் மணிக்குச் சில எளிய ஏற்பாடுகள் உண்டு. சிலிண்டர்காரரிடம் சொல்ல வேண்டிய ஓடிபி, எரிவாயு இணைப்பில் பதிவான மொபைலுக்குத்தான் வரும். அந்த மொபைல் உங்களுடையது என்றால், ஓடிபி வந்தவுடன் வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். பதிவான மொபைல் எண்ணையே மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. இணையத்தில் வாங்கும்போது பொருளைப் பெறுபவர் எண்ணாக வீட்டில் கதவு திறக்கும் ஆளின் எண்ணைக் கொடுங்கள். தனியாக இருப்பவர்கள் செக்யூரிட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுக்கச் சொல்லி முகவரியிலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

போன்

அடுத்த அறையில், சார்ஜரில். முடிந்தவரை இதுவே போதும். மேசையில் கவிழ்த்து வைப்பது எதையும் தீர்ப்பதில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கும் எதையும் கை எடுத்துவிடும். நேரம் பார்க்கவோ அலாரம் வைக்கவோ போன் தேவை என்று சொல்லாதீர்கள். கைக்கடிகாரமோ சமையலறை டைமரோ போதும். 'எத்தனை நிமிடம் ஆச்சு' என்று பார்க்கப் போனை எடுத்தவர், அத்தையின் பேத்தி பிறந்தநாள் படங்களைப் பார்த்து முடித்துத்தான் கீழே வைப்பார்.

வயதான பெற்றோர், பள்ளியில் பிள்ளை என்று அவசர அழைப்பு வந்தே தீர வேண்டியவர்கள் போனை முழுவதும் அணைக்க முடியாது. அவர்களுக்கு 'டூ நாட் டிஸ்டர்ப்' சரியான வழி, ஆனால் அதை ஒருமுறை ஒழுங்காக அமைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் காண்டாக்ட்ஸ் போய் மூன்று அல்லது நான்கு பேருக்கு மட்டும் நட்சத்திரம் போடுங்கள். பிறகு டூ நாட் டிஸ்டர்ப் அமைப்பில் அழைப்புகள் என்ற இடத்தில் நட்சத்திரமிட்டவர்களை மட்டும் அனுமதியுங்கள். 'திரும்ப அழைப்பவர்கள்' என்ற வசதியையும் இயக்குங்கள்: ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஐபோனில் இதே வசதிக்கு இடைவெளி 3 நிமிடம். வீட்டாரிடம் "அவசரம்னா உடனே ரெண்டு தடவ அடிங்க" என்று சொல்லி, ஒருமுறை சோதித்தும் பாருங்கள். இந்த விலக்கு சாதாரண அழைப்புக்குத்தான் நம்பகமானது. வாட்ஸப் கால் அதில் சேராமல் போகலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். ஊரிலிருந்து வாட்ஸப்பிலேயே கூப்பிட்டுப் பழகிய அம்மாவுக்கு இது முக்கியம்.

வாட்ஸப் குழுக்களை மியூட் செய்யும்போது 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் வரும். குடும்பக் குழு, அபார்ட்மெண்ட் குழு, பள்ளி நண்பர்கள் குழு எல்லாவற்றுக்கும் 'எப்போதும்' போடுங்கள். நீங்கள் குழுவை விட்டு விலகவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. மியூட் செய்த குழுவிலும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ அறிவிப்பு வரும். அதனால் எழுத உட்காரும் முன் குழுவில் எதையும் போடாதீர்கள். போட்டால் பதில் வந்ததா என்று மனம் போய்க்கொண்டே இருக்கும்.

அதிகம் பேர் தவறவிடுவது லேப்டாப்பில் திறந்து கிடக்கும் வாட்ஸப் வெப். போன் அடுத்த அறையில் இருக்கும், செய்திகள் திரை ஓரத்தில் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தாவலை மூடுங்கள். எழுதும் நேரத்தில் வைஃபையையே அணைத்துவிடுங்கள். அழகி, இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களுக்கு இணையம் வேண்டாம். கூகுள் டாக்ஸில் எழுதுபவர்கள் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். வைஃபையை அணைத்த பிறகு தேடினால் கோப்பு திறக்காது, அதைச் சாக்காக வைத்து இணையம் திரும்ப வந்துவிடும்.

போனிலேயே எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புக்குள் இருக்கும் 'ஆப் பின்னிங்' வசதியால் எழுதும் செயலியைத் திரையில் பூட்டிக்கொள்ளலாம். வேறு செயலிக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பூட்டை எடுக்க வேண்டும். அந்தச் சிறு தடையே போதும். பெற்றோருக்காக லைன் திறந்திருக்க வேண்டுமென்றால் ஏரோப்ளேன் மோடுக்குப் பதில் மொபைல் டேட்டாவை மட்டும் அணையுங்கள்.

நாமாக எழுந்து போவது

வெளியே எல்லாவற்றையும் அடைத்த பிறகு இது தெளிவாகத் தெரியும். எழுத்து கடினமாகும் இடத்தில்தான் தண்ணீர் தாகம் எடுக்கும், மின்கட்டணம் நினைவுக்கு வரும், ஒரு தகவலை உடனே சரிபார்க்கத் தோன்றும். இதில் கடைசி ஆள்தான் ஆபத்தானவர், ஏனென்றால் அது வேலை மாதிரியே இருக்கும். பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்த ஆண்டைத் தேடப் போனவர் 1914 என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். பிறகு 1964 புயல், தனுஷ்கோடி, பழைய புகைப்படங்கள் என்று அரை மணி போய்விடும். அவர் எழுதிக்கொண்டிருந்த வரிக்கு அந்த ஆண்டே தேவைப்பட்டிருக்காது.

தெரியாத இடத்தில் மூன்று ஆய்த எழுத்துகளைப் போட்டுவிட்டு நகருங்கள். "ஃஃஃ ஆண்டில் பாலம் திறந்தபோது தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது." தமிழில் எந்தச் சொல்லிலும் ஃஃஃ வராது. அதனால் பிறகு கோப்பில் அதைத் தேடினால் நிரப்ப வேண்டிய இடங்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். ஊர்ப் பெயர், பாத்திரத்தின் பெயர், சரியான சொல், ஒற்று மிகுமா மிகாதா என்ற சந்தேகம், எல்லாவற்றுக்கும் இதே குறி. கையால் எழுதுபவர்கள் ஒரு வட்டம் போட்டால் போதும். வாரத்தில் ஒரு நாள் இந்த இடங்களை நிரப்ப மட்டும் உட்காருங்கள், இணையத்தோடு.

மற்ற நினைவுகளுக்கு, குறிப்பெடுத்த அந்தத் துண்டுத் தாளின் பின்பக்கம் போதும். 'இபி பில்', 'கறிவேப்பிலை', 'சித்திக்கு போன்'. எழுதிவிட்டால் மறந்துவிடுவோமோ என்ற பயம் அடங்கும். தண்ணீர் பாட்டிலை முன்பே எடுத்து வையுங்கள், பாத்ரூம் போய்விட்டு உட்காருங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எழுந்துதான் ஆக வேண்டும் என்றால்

யாரோ கூப்பிட்டுவிட்டார்கள், போகத்தான் வேண்டும். கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம்" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். அவசரத்தில் முடித்த வாக்கியம் பிறகு அழிக்கத்தான் படும். அதற்குப் பதில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் பத்துப் பன்னிரண்டு சொல்லில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். லெராய் 2018இல் இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து செய்த ஆய்வும் இதையே காட்டுகிறது: எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் என்ன செய்வோம் என்று எழுதிவிட்டுப் போனவர்களின் கவனம், குறுக்கே வந்த வேலையிலும் சிதறாமல் இருந்தது.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். "கடைக் காட்சி தொடரணும்" என்று எழுதினால் திரும்பி வரும்போது அது எதையும் தராது. "ரசீதைத் திருப்புகிறார், பின்பக்கம் அக்கா கையெழுத்து, அதனால் பாக்கியைக் கேட்காமல் போகிறார்" என்று எழுதினால் பேனா அங்கிருந்தே ஓடும். ஒரு பொருள், ஒரு செயல், அதன் விளைவு. கட்டுரை என்றால் அடுத்த வாதமும் அதற்கான உதாரணமும்.

திரும்பி வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். படித்தால் திருத்துவீர்கள், திருத்தினால் நேரம் தீரும். கடைசிப் பத்தியை மட்டும் படித்து, அதன் கடைசி வாக்கியத்தை அப்படியே இன்னொரு முறை எழுதுங்கள் அல்லது தட்டுங்கள். கை பழைய வேகத்துக்கு வந்ததும் குறிப்பைப் பாருங்கள். மீதமிருப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு என்றால் புதுக் காட்சியைத் தொடாமல் நாளைக்கான குறிப்பை மட்டும் விரிவாக எழுதிவிட்டு எழுந்துவிடலாம். குறுக்கீடே இல்லாத நாளிலும் முடிக்கும்போது இந்தக் குறிப்பை எழுதிப் பழகினால், மறுநாள் உட்கார்ந்ததும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சத்தமும் மின்தடையும்

மிக்ஸி, போர் மோட்டார், மேல்வீட்டு டிரில்லிங் எல்லாம் எரிச்சல் தரும், ஆனால் எழுத்தை அவ்வளவு கெடுக்காது. கெடுப்பது சொற்கள். பக்கத்து அறை சீரியல் வசனம், பாட்டு வரிகள், போனில் யாரோ பேசுவது. மனதில் ஒரு வசனம் உருவாகும்போது காதில் இன்னொன்று விழுந்தால் இரண்டும் மோதும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக்கை விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துச் செருகி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அப்படியே அமுக்கிவிட்டு 'இது வேலை செய்யலை' என்பவர்கள் அதிகம். கூடவே ஃபேனின் சீரான இரைச்சல் இருந்தால் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிடும்.

மார்கழி விடிகாலையிலும் ஆடித் திருவிழாவிலும் ஒலிபெருக்கி பிரச்சினை வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். முதலில் கோயில் நிர்வாகியிடம் நேரில் போய், குழாய் வடிவ ஸ்பீக்கரை உங்கள் தெருப் பக்கமிருந்து திருப்பி வைக்கக் கேளுங்கள். பல இடங்களில் அதிலேயே முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். முதல் நாள் நாளிதழில் ஏரியா வாரியாக வரும். லேப்டாப்பை இரவே சார்ஜ் போட்டு வையுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், டிவியும் போகும். எழுதுகிறவருக்கு அது நல்ல நேரம்.

வீட்டில் முடியவே முடியாது என்றால்

ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் மேலே சொன்னவற்றில் பாதி நடக்காது. வெளியே போய்விடுங்கள். அசோகமித்திரன் தி.நகர் பூங்காவில் உட்கார்ந்து நிறைய எழுதியவர். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்காருபவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உண்டு. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் படிக்கவும் பகிர்ந்த இடத்தில் வேலை செய்யவும் என்றே கட்டப்பட்டது. சிறிய ஊர்களில் கிளை நூலகம் போதும். வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. காலையில் செய்தித்தாள் படிப்பவர்கள் கூட்டம் கலைந்த பிறகு போனால் மேசை கிடைக்கும். நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துப் போங்கள். லேப்டாப் கொண்டு போனால் பிளக் இருக்கும் மேசைக்காகச் சுற்ற வேண்டியிருக்கும்.

ஆண்டில் சில வாரங்கள் எதுவும் நடக்காது. தை, ஆவணி முகூர்த்தங்கள், பிள்ளைகளின் மார்ச் தேர்வு, வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரி. அப்போது முக்கால் மணியைக் காப்பாற்றப் போராட வேண்டாம். 15 நிமிடமாகக் குறைத்து, புதிதாக எழுதாமல் ஃஃஃ இடங்களை நிரப்புவது, பழைய பக்கத்தைப் படிப்பது, நாளைய குறிப்பை எழுதுவது என்று கோப்பைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். விருந்தினர் கிளம்பிய மறுநாளே 45 நிமிடத்துக்குத் தாவாமல், 25இல் தொடங்கி நாலைந்து நாளில் பழைய அளவுக்கு வாருங்கள். அந்த வாரம் மறுபடி ஒரு துண்டுத் தாளை மேசையில் வையுங்கள். பள்ளி நேரம் மாறியிருக்கும், தண்ணீர் விடும் நேரமும் மாறியிருக்கலாம்.